லூசியும் ஒரு வீடியோ கேசட்டும்

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தேங்க்யூ, சாரி, கரண்ட் கட், அவ்வளவுதான். அப்படிப்பட்டவங்க போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கறுப்பு வெள்ளை அமெரிக்க நாடகத்தைப் பார்த்து கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. இருமல் வந்து, நான் எழுந்து போய் வெந்நீர் எடுத்துட்டு வர்ற அளவுக்கு.

நாடகம் 'ஐ லவ் லூசி'. 1952 செப்டம்பரில் ஒளிபரப்பான சாக்லேட் எபிசோட். பார்த்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பார்க்காதவங்களுக்கு: லூசியும் பக்கத்து வீட்டு எத்தலும் சாக்லேட் கம்பெனிக்கு வேலைக்குப் போறாங்க. பெல்ட்டுல சாக்லேட் வரும், ஒவ்வொண்ணா காகிதத்துல சுத்தணும். ஒண்ணைக்கூட சுத்தாம விட்டா வேலை காலி. முதல்ல மெதுவா வருது. அப்புறம் வேகம் கூடுது. சமாளிக்க முடியாம வாய்க்குள்ள, தொப்பிக்குள்ள, சட்டைக்குள்ளன்னு அடைச்சுக்கறாங்க. மேற்பார்வை பார்க்கிற அம்மா வந்து பார்த்துட்டு, ஆஹா நல்லா வேலை செய்யறாங்களேன்னு வேகத்தை இன்னும் கூட்டச் சொல்லுது. :)

இதுக்கு மொழி எதுக்கு?

சிரிச்சு முடிச்சு கண்ணைத் துடைச்சுக்கிட்டு அம்மா கேட்ட கேள்வியாலதான் இந்தப் பதிவு. "ஏண்டா, இது எடுத்து எத்தனை வருஷம் இருக்கும்?"

"எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சும்மா."

"நேத்து எடுத்த மாதிரி இருக்கு. நம்ம வீட்டு கேசட்டு பத்து வருஷம்கூட தாங்கலையே."

நான் பதில் சொல்லலை. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

அம்மா கேட்டது நிஜமாவே நல்ல கேள்வி. அந்தக் காலத்து அமெரிக்க டிவி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரலை. நியூயார்க்கில நடிப்பாங்க, அப்படியே ஒளிபரப்பாகும், காத்தோட போயிடும். தூரத்து ஊர்களுக்கு அனுப்பறதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க. டிவி திரைக்கு முன்னாடி பிலிம் கேமராவை நிறுத்தி, திரையில ஓடறதைப் படம் பிடிப்பாங்க. கினஸ்கோப்னு பேர். தியேட்டர்ல திருட்டுத்தனமா எடுத்த சிடி பார்த்திருக்கீங்கல்ல, கிட்டத்தட்ட அந்தத் தரம்.

லூசில் பாலுக்கும் அவங்க கணவர் டெஸி ஆர்னாஸுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸை விட்டுப் போக மனசில்லை. விளம்பரதாரரான பிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனியோ, கிழக்குப் பக்க ஜனங்களுக்கு மங்கலான படம் போகக்கூடாதுன்னு நின்னாங்க. சரி, சினிமா மாதிரியே 35 எம்எம் பிலிம்ல எடுத்துடறோம்னு டெஸி சொன்னார். செலவு எகிறும். கூடுதல் செலவுக்காக எங்க சம்பளத்தைக் குறைச்சுக்கறோம், ஆனா படச்சுருள் எங்களுக்குச் சொந்தம்னு பேசி முடிச்சார். ஒரு தடவை ஒளிபரப்பாகி முடிஞ்ச நிகழ்ச்சியை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறாங்கன்னு சிபிஎஸ் நினைச்சிருக்கும்போல. சந்தோஷமா தலையாட்டிட்டாங்க.

(இதே சிபிஎஸ்தான் முதல்ல, கியூபாக்காரர் ஒருத்தரை அமெரிக்கப் பெண்ணுக்குப் புருஷனா ஜனங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு தயங்கினது. நிஜ வாழ்க்கையில அவர்தானே என் புருஷன்னு லூசி பிடிவாதம். ரெண்டு பேரும் 1950ல ஊர் ஊரா மேடை நிகழ்ச்சி நடத்திக் காட்டின பிறகுதான் வழிக்கு வந்தாங்க.)

அடுத்த சிக்கல் வெளிச்சம். சுமார் முந்நூறு பேர் எதிர்ல உட்கார்ந்து பார்க்க, மூணு கேமரா ஒரே நேரத்துல ஓடணும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாத்திக்கிட்டிருந்தா பார்வையாளர்கள் தூங்கிடுவாங்க. இதுக்காக டெஸி கூட்டிட்டு வந்த ஆள் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியில 1927ல வந்த 'மெட்ரோபொலிஸ்' படத்துல கேமரா பிடிச்சவர், 'தி குட் எர்த்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கினவர். விளக்குகளை மேல தொங்கவிட்டு எல்லா இடத்துக்கும் ஒரே சீரா வெளிச்சம் வர்ற மாதிரி பண்ணிட்டார். அம்மா 'நேத்து எடுத்த மாதிரி'ன்னு சொன்னதுக்குக் காரணம் இந்த மனுஷன்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. லூசியோட அம்மாவும் படப்பிடிப்புக்கு வந்து கூட்டத்தோட உட்காருவாங்களாம். மக ஏதோ வம்புல மாட்டப்போறான்னு தெரிஞ்சதும் கூட்டத்துல இருந்து 'அய்யய்யோ'ங்கிற தொனியில ஒரு பெண் குரல் கேட்கும். அந்தம்மாதான்.

1953 ஜனவரி 19 அன்னிக்கு நாடகத்துல லூசிக்குக் குழந்தை பிறந்தது. அதே நாள் நிஜத்திலயும் அவங்களுக்கு ஆபரேஷன் மூலமா மகன் பிறந்தான். பார்த்தவங்க சுமார் 4.4 கோடி பேர். மறுநாள் ஐசன்ஹோவர் பதவியேற்பைப் பார்த்தவங்க அதைவிடக் குறைவு. அந்தப் பிரசவ காலத்துலதான் ஆள் இல்லாம பழைய எபிசோடுகளைத் திரும்பப் போட்டாங்க. ஜனங்க அதையும் பார்த்தாங்க! மறு ஒளிபரப்புல காசு இருக்குன்னு எல்லாருக்கும் புரிய ஆரம்பிச்சது.

அந்தப் படச்சுருள்களை 1957ல சிபிஎஸ்ஸே லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிச்சு. லூசி, டெஸி தம்பதி அதே வருஷம் ஆர்கேஓ ஸ்டூடியோவையே வாங்கிட்டாங்க. 1930கள்ல லூசி சம்பளத்துக்கு நடிச்ச ஸ்டூடியோ அது. 1966ல 'ஸ்டார் டிரெக்' வந்தது இவங்க கம்பெனியில இருந்துதான். ஆனா கல்யாணம் மட்டும் நிலைக்கலை, 1960ல விவாகரத்து. திரையில அவங்க கொஞ்சிக்கறதைப் பார்க்கும்போது இதை மறந்துடறது நல்லது.

இப்ப இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. டுமாண்ட்னு ஒரு டிவி நிறுவனம் 1946ல இருந்து 1956 வரைக்கும் இருந்தது. அவங்க நிகழ்ச்சிகள்ல பெரும்பகுதி இன்னிக்குக் கிடையாது. 1970கள்ல மிச்சமிருந்ததை லாரியில ஏத்தி, நியூயார்க் துறைமுகத்துப் பக்கம் தண்ணியில கொட்டிட்டாங்கன்னு நடிகை ஈடி ஆடம்ஸ் 1996ல சாட்சி சொன்னாங்க. என்பிசியில ஜானி கார்சன் நடத்தின ராத்திரி நிகழ்ச்சியோட முதல் பத்து வருஷமும் பெரும்பாலும் போச்சு. டேப் விலை அதிகம், பழசை அழிச்சுட்டுப் புதுசு பதிவு பண்ணிக்கலாம்னு முடிவெடுத்தாங்களாம். இதைப் படிச்சப்போ 'முட்டாப் பசங்க'ன்னு வாய்விட்டே திட்டினேன். உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 1992ல அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். வீடியோ எடுத்தவர் கேசட்டைக் கொடுக்கும்போதே, யாரும் அதுமேல பதிவு பண்ணிடக்கூடாதுன்னு முதுகுல இருக்கிற சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைச்சுட்டுத்தான் கொடுத்தார். 1996 மார்ச், உலகக்கோப்பை கால் இறுதி, பெங்களூரில பாகிஸ்தானோட மேட்ச். கையில காலி கேசட் இல்லை. உடைச்ச ஓட்டை மேல செல்லோடேப் ஒட்டினா பதிவாகும்ங்கிறது எனக்குத் தெரியும். ஒட்டினேன். வெங்கடேஷ் பிரசாத் ஆமிர் சோஹைலை பவுல்டு ஆக்கினது அருமையா பதிவாச்சு.

அப்பா 2003ல தவறிட்டார். அவர் நடக்கற, பேசற படம் வேற எதுவும் எங்ககிட்ட இல்லை. கேசட்டுக்குப் பூஞ்சை பிடிச்சுடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, எபிசோட் முடிஞ்சு பேர் ஓடிட்டிருந்தப்போ சொல்லிட்டேன். பூஞ்சை இல்லம்மா, நான்தான் மேட்சைப் பதிவு பண்ணிட்டேன்.

அம்மா டிவியிலேர்ந்து கண்ணை எடுக்கலை. "தெரியும்டா. உங்கப்பா அன்னிக்கே சொல்லிட்டார். அவனை ஒண்ணும் கேட்காதேன்னார்."

கொஞ்ச நேரம் கழிச்சு, "உன்கூட உட்கார்ந்து அவரும்தானே அந்த மேட்சைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்" என்றாள். அப்புறம், "சரி, இவளோட அடுத்த கூத்தைப் போடு."

போட்டேன்.