கூலி எவ்வளவு?

முத்துப்பேட்டைக்கு லீவில் போயிருந்தபோது அப்பாவோடு உட்கார்ந்து 'ஆபீஸ் ஸ்பேஸ்' பார்த்தேன். மைக் ஜட்ஜ் 1999இல் எடுத்த அமெரிக்கச் சிரிப்புப் படம். கம்ப்யூட்டர் கம்பெனியில் எட்டு மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போனவன் பீட்டர். மக்கர் பண்ணின பிரிண்டரை வெட்டவெளியில் போட்டுக் கூட்டாளிகளோடு அடித்து நொறுக்கும்போது அப்பாவும் சிரித்தார். கடைசியில் ஆபீஸ் எரிந்துபோகிறது. அந்த இடிபாட்டையே அள்ளுற வேலையில் சந்தோஷமா நிக்கிறான் பீட்டர். அப்பாவுக்குச் சிரிப்பு வரல. பண்ணையில நாத்துக்கட்டு சுமந்து, வாய்க்கால் வெட்டி என்னைப் படிக்க வச்சவர்.

"கூலி எவ்வளவுன்னு சொன்னானா?"

"படத்துல அதெல்லாம் இல்லப்பா."

"தண்ணியாவது தூக்கி ஊத்தாம செம்புல குடுக்குறானுவளா?"

என் ஆபீசில் தனி டம்ளர் கிடையாது. எந்த ஊரு, ஊருல எந்தத் தெருங்கிற கேள்வி உண்டு. வேலையை விடப்போறேன்னு சொல்லத்தான் வந்திருந்தேன். அன்னிக்குச் சொல்லல.