தோற்ற கட்சி திரும்பி வருமா?

ஒரு கட்சி தேர்தலில் படுதோல்வி அடைந்த மறுநாள் டீக்கடையிலிருந்து டிவி வரைக்கும் ஒரே பேச்சுதான். "இவங்க கதை முடிஞ்சுது, இனி எழுந்திரிக்கவே முடியாது." எனக்கு இந்தப் பேச்சின் மேல் எப்போதுமே சந்தேகம். தமிழ்நாட்டுத் தேர்தல் எண்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் (பி.காம். படிப்பவனுக்கு எண்களைக் கண்டால் கை சும்மா இருக்காது) கதை முடிந்தது என்று சொல்லப்பட்ட கட்சிகள்தான் இங்கே திரும்பத் திரும்ப ஆட்சிக்கு வந்திருக்கின்றன. வராமலே போன கட்சி ஒன்று உண்டு. வேடிக்கை என்னவென்றால், இவர்களில் குறைவாக அடிபட்டது அந்தக் கட்சிதான்.

முதலில் வந்தவர்களைப் பார்ப்போம். 1991-இல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட சில வாரங்களில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. திமுகவுக்குக் கிடைத்தது 2 இடம். துறைமுகம் தொகுதியில் வெறும் 890 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த கருணாநிதி அந்த உறுப்பினர் பதவியையும் ராஜினாமா செய்துவிட்டார். போதாக்குறைக்கு 1993-இல் வைகோ வெளியேற்றப்பட்டு, பல மாவட்டச் செயலாளர்களும் அவரோடு போனார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் 1996-இல் அதே திமுகவுக்கு 173 இடங்கள். இப்போது விழுந்தது அதிமுக. 4 இடம்தான். பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். ஐந்து வருஷம் கழித்து, 2001-இல், அதே அதிமுக 132 இடங்களோடு கோட்டைக்குத் திரும்பியது.

இப்போது திரும்பாத கட்சிக்கு வருவோம். 1967. அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபம் எல்லாம் சேர்ந்து காங்கிரஸ் வீழ்ந்தது. விருதுநகரில் காமராஜரே மாணவர் தலைவர் சீனிவாசனிடம் 1285 வாக்கில் தோற்றார். 234-இல் காங்கிரசுக்கு 51, திமுகவுக்கு 137. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாக்கு சதவீதத்தைப் பாருங்கள். காங்கிரஸ் சுமார் 41. ஜெயித்த திமுக அதைவிடக் கொஞ்சம் குறைவு! (திமுக நின்ற தொகுதிகள் குறைவு என்பது உண்மைதான். இருந்தாலும் 41 என்பது 41தானே.) 1991 திமுகவும் 1996 அதிமுகவும் அவரவர் தோல்வியில் வாங்கியது இருபத்திரண்டு சதவீதத்தை ஒட்டித்தான். அவர்கள் வந்துவிட்டார்கள். 41 வாங்கியவர்கள் வரவில்லை. 1967-க்குப் பிறகு காங்கிரஸ்காரர் ஒருவர் இங்கே முதலமைச்சர் நாற்காலியில் உட்காரவே இல்லை.

அப்படியானால் தோல்வியின் அளவு முக்கியமில்லை என்று ஆகிறது. வேறு எது?

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் பெரிய நஷ்டம். அதனால் மட்டும் கடை போய்விடாது. வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போயிருப்பார், ஆனால் அங்கே எடை குறைந்தால் திரும்பி நம் கடைக்குத்தான் வருவார். நாம் ஷட்டரைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காங்கிரஸ் ஷட்டரை இறக்கிவிட்டது என்பது என் கட்சி.

1969-இல் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. 1971 தேர்தலில் இந்திரா காந்தியின் காங்கிரஸ், மக்களவைக்குச் சில இடங்களை வாங்கிக்கொண்டு, சட்டமன்றத்துக்கு ஒரு தொகுதியில்கூட நிற்கவில்லை. எல்லாவற்றையும் திமுக அணிக்கே விட்டுக்கொடுத்தது. டெல்லிக்கு எம்.பி. வேண்டும், கோட்டை யாருக்கு வேண்டும் என்ற கணக்கு. காமராஜரின் பழைய காங்கிரஸ் எதிர்த்து நின்று 15 இடம்தான் ஜெயித்தது, ஆனால் வாக்கு அப்போதும் சுமார் 35 சதவீதம். அதாவது வாடிக்கையாளர்கள் வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். 1972-இல் எம்.ஜி.ஆர். அதிமுகவைத் தொடங்கினார். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அதிமுக முதலிடம், பழைய காங்கிரஸ் இரண்டாமிடம், ஆளுங்கட்சியான திமுக மூன்றாமிடம். 1975-இல் காமராஜர் மறைந்தார். 1977-இல் காங்கிரஸ் 27 இடத்தில் நின்றுவிட்டது. திமுக மேல் கோபம் வந்தவன் போய் நிற்கும் இடம் அதற்குள் இரட்டை இலையாக மாறிவிட்டது.

அப்புறம் 1980-இல் திமுகவோடு, 1984-இல் அதிமுகவோடு என்று ஒரே வாடகைக் கதை. 1989-இல் மூப்பனார் தலைமையில் தனியாக நின்றபோது 26 இடமும் ஏறக்குறைய 20 சதவீத வாக்கும் வந்தன. கேவலமான எண் இல்லை அது. பொறுமையாக அதையே பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இப்போதும் ஆர்வம் உண்டு. 1991-இல் மறுபடி கூட்டணி.

எங்கள் தாத்தா காமராஜர் காலத்து காங்கிரஸ்காரர். எங்கள் தொகுதி எப்போதும் பங்கீட்டில் பெரிய கட்சிக்கே போய்விடும். "சட்டசபைக்கு கை சின்னத்துல கடைசியா எப்ப தாத்தா ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்டேன். "எம்பத்தொம்பதுல மூப்பனார் தனியா நின்னாருல்ல, அப்ப" என்றார் கொஞ்சமும் யோசிக்காமல். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஓட்டுரிமை பெற்ற யாரும் சட்டமன்றத் தேர்தலில் அந்தச் சின்னத்தை இயந்திரத்தில் பார்த்ததே கிடையாது. தாத்தாவின் விசுவாசத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

திமுகவைப் பாருங்கள். 1976-இல் கலைக்கப்பட்டு 1989 வரை பதின்மூன்று வருஷம் வெளியே இருந்தது. 48, 37, 24 என்று ஒவ்வொரு தேர்தலிலும் இடம் குறைந்தது. ஆனாலும் ஊர் ஊராகக் கொடிக்கம்பமும் கூட்டமும் உதயசூரியனும் இருந்தன. எம்.ஜி.ஆர். மறைந்து எதிர்க்கடை இரண்டாக உடைந்தபோது போவதற்கு ஓர் இடம் தயாராக இருந்தது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. இப்படித் திரும்பி வருகிறவர்கள் திருந்தித்தான் வர வேண்டும் என்று கட்டாயமே இல்லை. 1996 மே மாதம் 4 இடத்துக்கு இறங்கிய அதிமுக, 1998 மக்களவைத் தேர்தலில் தன் அணிக்கு 39-இல் 30 இடங்களைப் பிடித்தது. இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கூட்டணி, கோவை குண்டுவெடிப்பு என்று காரணம் சொல்வார்கள். நடுவில் அந்தக் கட்சி ஜனங்களிடம் எதற்காவது வருத்தம் தெரிவித்ததாக யாரும் அந்தக் காரணங்களில் சேர்ப்பதில்லை. அதிமுகவோடு காங்கிரஸ் கூட்டணி வைத்ததை எதிர்த்து 1996-இல் தனிக்கட்சி கண்ட மூப்பனாரின் தமாகா, 2001-இல் அதே அதிமுக கூட்டணியில் இருந்தது.