ரெஸ்பெக்ட்



மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. தென்கொரியாவில் சுவோன் என்ற ஊர். ஓய்வு பெற்றாலும் வாத்தியார் வேலை என்னை விடவில்லை. எதிர்வீட்டுக் கொரியப் பெண்மணி மாலையில் ஆங்கிலம் பழக வருகிறார். நாற்பது வயதிருக்கும். என்னை 'சொன்செங்னிம்' என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் என்று அர்த்தம். சொல்லைப் பிரித்தால் 'முன்னால் பிறந்தவர்' என்று வருமாம்.

போன வாரம் 'ரெஸ்பெக்ட்' என்ற வினைச்சொல் வந்தது. "ஐ ரெஸ்பெக்ட் மை ஃபாதர்" என்று உடனே எழுதிவிட்டார். "மை ஃபாதர் ரெஸ்பெக்ட்ஸ் மீ" என்று எழுதச் சொன்னேன். பேனா நின்றுவிட்டது. தப்பு என்று தலையை ஆட்டினார்.

அப்புறம் செல்போனில் அகராதியைக் காட்டி விளக்கினார். அவர்கள் மொழியில் இதற்கு இரண்டு சொல். 'ஜோன்கியோங்' என்றால் உயர்ந்தவரைப் போற்றுவது. கீழிருந்து மேலே போவது. 'ஜோன்ஜுங்' என்றால் அடுத்தவர் கருத்தையும் விருப்பத்தையும் மதிப்பது. அதைப் பெரியவரும் சிறியவருக்குச் செய்யலாம். அவர் மனதில் 'ரெஸ்பெக்ட்' என்றால் முதல் சொல் மட்டும்தான். அப்பா மகளைப் போற்றுவதா என்று திகைத்திருக்கிறார்!

"இங்கிலீஷில் ரெண்டுக்கும் ஒரே சொல்தான்" என்றேன். யோசித்து, "மை ஃபாதர் ரெஸ்பெக்ட்ஸ் மை டெசிஷன்" என்று எழுதினார். டிக் போட்டேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1994-ல் எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் என்னிடம் அழுதுகொண்டு வந்தாள். "டீச்சர், அப்பா என்னை மில்லுக்கு அனுப்பப் போறார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பார்" என்றாள். "பெரியவங்க பேச்சுக்கு மரியாதை கொடுக்கணும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஜூனில் அவள் ஒன்பதாம் வகுப்பில் சேரவில்லை.

34 வருடம் மரியாதை சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் கீழிருந்து மேலே போகிற மரியாதைதான். நான் வகுப்புக்குள் வந்தால் எல்லோரும் எழுந்து நின்றீர்கள். உங்கள் பேச்சை நான் உட்கார்ந்து கேட்டேனா?

அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்த வருடம் படித்தவர்களுக்கு யாரென்று தெரியும். இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் அவளிடம் கேட்டுவிட்டு இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஊருக்கு வந்ததும் அவளை நேரில் பார்க்க வேண்டும்.

உங்கள் பிள்ளைகள் ஏதாவது சொல்ல வந்தால், முழுசாகக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்