கை நழுவியதா, கொக்கி நழுவியதா?

1/
இது வில்வித்தை பத்தின த்ரெட். கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டருக்கு வில்லுல என்ன வேலைன்னு கேப்பீங்க. பாதியில ஓசூர் சிப்காட்டுக்கு வந்துடுவோம். நீளமான த்ரெட்தான். ஆனா உங்க வீட்டுல யாராவது பிரஸ் ஷாப்ல வேலை பார்த்தா கடைசி வரைக்கும் படிங்க.

2/
2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் காம்பவுண்ட் வில் பிரிவின் 5 தங்கமும் இந்தியாவுக்கே வந்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்பட்டிருக்கு. "பையனை வில்வித்தையில சேர்க்கலாமா டாக்டர், ஆபத்து இல்லையே?"ன்னு கேக்கிற பெற்றோர் இருக்காங்க. சேர்க்கலாம். ஆனா ஒரு சின்ன கருவியைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டுச் சேருங்க.

3/
இப்போ ஒலிம்பிக்கில் இருக்கிற ரிகர்வ் வில்லில் நாணை விரலால் இழுத்து விரலாலேயே விடுவாங்க. காம்பவுண்ட் வில்லில் அப்படி இல்லை. கையில் ரிலீஸ் எய்ட் என்ற கருவி இருக்கும். அதோட கொக்கி, நாணில் கட்டியிருக்கிற சின்ன கயிறு வளையத்தைப் பிடிச்சிருக்கும். விசையைத் தொட்டா கொக்கி திறக்கும், அம்பு பாயும்.

4/
அதுக்குள்ள பெருசா ஒண்ணும் இல்லை. ஒரு கொக்கி, ஒரு ஸ்பிரிங், கொக்கியைத் தாங்குற ஒரு எஃகு விளிம்பு. போட்டியில் காம்பவுண்ட் வில்லுக்கு அனுமதிக்கிற உச்ச இழுவிசை 60 பவுண்ட், கிட்டத்தட்ட 27 கிலோ. ஒரு மூட்டை அரிசியோட கனம். அது முழுக்க அந்தச் சின்ன விளிம்பை நம்பி நிக்குது.

5/
விளிம்பு தேஞ்சா, உள்ளே தூசி சேர்ந்தா, ஸ்பிரிங் தளர்ந்தா, விசையை ரொம்ப லேசா செட் பண்ணிட்டா, கொக்கி முழுசா மூடாம இருந்தா, நீங்க விடாமலேயே அது விட்டுடும். பாதி இழுக்கும்போதுதான் ஆபத்து அதிகம். காம்பவுண்ட் வில்லில் உச்ச சுமை நடுவழியில்தான் வரும். முழுசா இழுத்த பிறகு கைக்குச் சுமை குறைஞ்சிடும்.

6/
அப்படி விட்டா என்ன ஆகும்? பின்னாடி இழுத்துக்கிட்டிருந்த கை அதே வேகத்தில் சொந்த முகத்திலேயே குத்தும். உதடு கிழியும், முன்பல் ஆடும், மூக்கில் ரத்தம் வரும். தோள்பட்டைத் தசை இழுத்துக்கும். இது வில் பிடிச்சவருக்கு. அம்பு எங்கே போகும்னு யாராலும் சொல்ல முடியாது.

7/
அதனாலதான் உலக வில்வித்தைக் கூட்டமைப்பு ஒரு விதி வெச்சிருக்கு. தவறி விடுபட்டா அம்பு பாதுகாப்பு எல்லையைத் தாண்டிப் போகிற மாதிரி, வில்லை உயரத் தூக்கி இழுக்கக் கூடாது. கவனிங்க. "யாரும் தவறா விடமாட்டாங்க"ன்னு அந்த விதி நம்பல. "ஒருநாள் தவறி விடுபடும்"னு முன்கூட்டியே ஒத்துக்கிட்டு எழுதின விதி அது.

8/
2020 ஜனவரியில் அசாமின் திப்ருகர் பகுதியில் பயிற்சியின்போது, 12 வயசு மாணவியின் தோள் கழுத்துப் பகுதியில் அம்பு பாய்ந்தது. அது ரிலீஸ் எய்டால் நடந்ததுன்னு நான் சொல்ல வரல. அம்பு உடம்பில் இருந்தபடியே விமானத்தில் டெல்லி எய்ம்ஸுக்குக் கொண்டு போனாங்க. அறுவை சிகிச்சையில் எடுத்தாங்க. சிறுமி பிழைச்சாள்.

9/
இதில் பாடம்: உடம்பில் குத்தி நிக்கிற எதையும் பிடுங்காதீங்க. அம்பா இருந்தாலும் சரி, கம்பியா இருந்தாலும் சரி. கிழிந்த ரத்தக்குழாயை அதுவே அடைச்சுக்கிட்டு இருக்கலாம். பிடுங்கினா அடைப்பு போயிடும். சுத்தி துணியை அணை கட்டின மாதிரி வெச்சு, அசையாம பிடிச்சுக்கிட்டு 108ஐக் கூப்பிடுங்க.

10/
பல் முழுசா விழுந்துட்டா, வேரைத் தொடாம மேல்பகுதியைப் பிடிச்சு எடுங்க. தேய்ச்சுக் கழுவ வேண்டாம். பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள்ள பல் டாக்டர்கிட்ட போங்க. நிரந்தரப் பல்லா இருந்தா திரும்பப் பொருத்த நல்ல வாய்ப்பு இருக்கு. பால்பல்லைத் திரும்ப வைக்க மாட்டாங்க.

11/
ரிலீஸ் எய்ட் வெச்சிருக்கிறவங்களுக்கு:
• புதுசு வாங்கினா முதல்ல ஒரு கயிறு வளையத்தில் மாட்டி இழுத்துப் பாருங்க. வில்லுல மாட்டுறது அப்புறம்.
• இழுக்கும்போது விரல் விசையில் இருக்கக் கூடாது, விசைக்குப் பின்னாடி இருக்கணும்.
• நாண் வளையத்தில் பிசிறு தெரிஞ்சா உடனே மாத்துங்க.
• அம்பு முனை எப்பவும் இலக்கைப் பார்த்தே இருக்கணும்.
• ஒரே ஒரு முறை தானா விட்டாலும் அன்னைக்கு அந்தக் கருவிக்கு லீவு.

12/
அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த த்ரெட்டே.

இப்போ ஓசூர். ஜூஜூவாடியில் இருந்து சூளகிரி வரைக்கும் வண்டி பாகம் செய்யுற சின்னச் சின்ன யூனிட்டுகள். அங்கே ஓடுற பழைய பவர் பிரஸ்ஸுக்குள்ளயும் இதே கதைதான். ஒரு பெரிய விசை, அதைப் பிடிச்சு நிறுத்துற ஒரு சின்ன விளிம்பு, ஒரு ஸ்பிரிங்.

13/
பவர் பிரஸ்ஸில் ஃப்ளைவீல் எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும். பெடலை மிதிச்சா உள்ளே ஒரு சாவி விழுந்து ஷாஃப்டை ஃப்ளைவீலோட பூட்டும். மேலே இருக்கிற ராம் ஒருமுறை இறங்கி ஏறும். அப்புறம் சாவி விலகி, பிரேக் பிடிச்சு நிக்கணும். அந்தச் சாவியோ, ஸ்பிரிங்கோ, பிரேக்கோ தேஞ்சா, மிதிக்காமலே ராம் இன்னொருமுறை இறங்கும். ஷாப்ல இதுக்குப் பேரு டபுள் ஸ்ட்ரோக்.

14/
முதல் அடி முடிஞ்சதும் ஆபரேட்டர் என்ன செய்வார்? கையை விட்டு பீஸை எடுப்பார். இரண்டாவது அடி சரியா அந்த நேரத்தில் வரும். சாவி கிளட்ச் பிரஸ் இறங்க ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தவே முடியாது. ஒரு சுத்து முடிச்சுட்டுத்தான் நிக்கும்.

15/
ஊத்தங்கரை பக்கத்துப் பையன் ஒருத்தர். 22 வயசு. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போச்சு. டிரெஸ்ஸிங் பண்ணும்போது சொன்னார்: "காலையிலேயே ரெண்டு தடவ தானா அடிச்சுது சார். போய்ச் சொன்னேன். பாத்து ஓட்டுப்பான்னாங்க."

கூட வந்தவர் என்கிட்ட சொன்ன காரணம் வேற. "கவனக்குறைவு சார். போன் பேசிக்கிட்டு இருந்திருப்பான்."

16/
இந்த ரெண்டு வாக்கியத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. வில்வித்தை மைதானத்தில் கொக்கி ஒருதடவை நழுவினா, கருவியைக் கழட்டிப் பார்ப்பாங்க. பிரஸ் ஷாப்ல சாவி ரெண்டு தடவை நழுவினா, ஆளைப் பாத்து ஓட்டச் சொல்றோம். கண் இமைக்கிற நேரத்தில் இறங்குற ராமை எப்படிங்க பாத்து ஓட்டுறது?

17/
"சென்சார் போட்டாச்சு டாக்டர்"னு சொல்வாங்க. ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. லைட் கர்டன் சென்சார், நடுவழியில் நிறுத்த முடியிற ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் பிரஸ்ஸுக்குத்தான் உதவும். சாவி கிளட்ச் பிரஸ்ஸில் சென்சார் கையைப் பார்த்தாலும் ராம் நிக்காது. ரெண்டு கையாலும் அழுத்துற பட்டனும் டபுள் ஸ்ட்ரோக்கைத் தடுக்காது. அதுக்கு டையைச் சுத்தி கை நுழையாத நிலையான தடுப்பு வேணும். பீஸை எடுக்க இடுக்கியோ காந்தக் கம்பியோ வேணும்.

18/
புதுசா நான் எதுவும் கேக்கல. ஆபத்தான இயந்திரப் பாகத்துக்குத் தடுப்பு வேணும்னு 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆவது பிரிவிலேயே எழுதிட்டாங்க. சட்டத்தோட பேரு மாறலாம். விரல் டைக்குள்ள போகக் கூடாதுங்கிறது மாறாது.

19/
விரல் துண்டாயிட்டா:
• காயத்தில் சுத்தமான துணி வெச்சு அழுத்திப் பிடிங்க. கையை உயர்த்தி வைங்க. கம்பி, ஒயர் போட்டுக் கட்டாதீங்க.
• மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம்.
• துண்டான விரலை ஈரத்துணியில் சுத்தி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி மூடி, அந்தக் கவரை ஐஸ் தண்ணியில் வைங்க. விரல் நேரா ஐஸைத் தொடக் கூடாது.
• மோதிரம் இருந்தா வீக்கம் வர்றதுக்கு முன்னாடியே கழட்டிடுங்க.

20/
பிரஸ்ஸில் நசுங்கின விரலை எல்லா நேரமும் திரும்ப ஒட்ட முடியாது. அதை முடிவு பண்ண வேண்டியது கை அறுவை சிகிச்சை டாக்டர். நீங்களே "இனி ஆகாது"ன்னு தூக்கிப் போட்டுட்டு வராதீங்க. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்குன்னே தனித் துறை இருக்கு. எங்கே அனுப்பணும்னு நாங்க பார்த்துக்கிறோம். விரலை மட்டும் சரியா கொண்டு வாங்க.

21/
அடுத்தது ரொம்ப முக்கியம். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் விபத்துப் பதிவேட்டில் எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு அடிபட்டதுன்னு கேப்போம். உள்ளதைச் சொல்லுங்க. "வீட்டுல கதவுல மாட்டுச்சு", "பைக்ல விழுந்தேன்"னு சொல்லச் சொல்லி யாராவது கூட்டிட்டு வந்தா, அந்த ஒரு வரியில உங்க உரிமை போயிடும்.

22/
இஎஸ்ஐ சேர்ந்த இடத்தில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் வேலைக்காயப் பலன் உண்டு. தற்காலிகமா வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். வீடு ஓசூர்ல, வேலை அத்திப்பள்ளியில, காண்ட்ராக்டர் பொம்மசந்திராவுலன்னு இருந்தாலும் மாநில எல்லை இதைத் தடுக்காது.

23/
இஎஸ்ஐ இல்லாதவங்களுக்கு 2025 வரைக்கும் இருந்தது 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம். அதில் ஒரு அட்டவணை இருந்தது. சம்பாதிக்கும் திறன் இழப்பு, கட்டைவிரலுக்கு 30 சதவீதம். முழு ஆள்காட்டி விரலுக்கு 14. ஒரு கையின் நாலு விரலுக்கு 50. படிக்கும்போது வெறும் எண்ணாத்தான் இருக்கும். அந்த 22 வயசுக்காரர் சட்டை பட்டன் போட முயற்சி பண்றதைப் பார்த்தா அப்படித் தெரியாது.

24/
சின்ன யூனிட் ஓனர்களே, உங்களில் பலர் ஒருகாலத்தில் அதே பிரஸ்ஸில் நின்னவங்க. டெலிவரி அவசரம் புரியுது. ஆனா டபுள் ஸ்ட்ரோக் சொல்லிட்டுத்தான் வருது. முதல் தடவை தானா அடிச்ச அன்னைக்கே மெயினை ஆஃப் பண்ணி, ஃப்ளைவீல் நின்ன பிறகு கிளட்ச்சைத் திறந்து பாருங்க.

25/
ஆபரேட்டர் தம்பிகளே, தங்கச்சிகளே, மிஷின் தானா அடிச்சா சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க. வாய்ல சொன்னதோட விடாம தேதி, நேரம், மிஷின் நம்பர் போட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்க. கேக்கலைன்னா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் புகார் கொடுக்கலாம்.

இதை உங்க ஷிஃப்ட் குரூப்ல போடுங்க. நைட் ஷிஃப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போட்டா இன்னும் நல்லது.