எஞ்சின் இல்லாத படகு

லின், லாரி பார்டி தம்பதி கலிபோர்னியாவில் தங்கள் கையாலேயே கட்டிய பாய்மரப் படகு செராஃபின். நீளம் 24 அடிதான். 1968-ல் தண்ணீரில் இறங்கியது. அடுத்த வருடமே மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா கரையோரமாகத் தெற்கே கிளம்பிவிட்டார்கள். எஞ்சின் கிடையாது!

கட்டியவர்களுக்கும் படகு புதிதுதான். எவ்வளவு காற்றில் பாயைச் சுருக்குவது, பாயை இறக்கிய பிறகும் எவ்வளவு தூரம் ஓடும்... இதெல்லாம் வரைபடத்தில் இருக்காது. எஞ்சின் இருந்தால் ரிவர்ஸ் போட்டு நிறுத்திவிடலாம். இவர்களோ நங்கூரம் போடும் இடத்துக்கு முன்பே கணக்குப் போட்டுப் பாயை இறக்க வேண்டும். கணக்கு தப்பினால் பாறையோ, பக்கத்துப் படகோ! காற்றே நின்றுவிட்டால்? பின்னாலிருந்து நீளத் துடுப்பை அசைத்துத் தள்ள வேண்டும், இல்லையென்றால் காத்திருக்க வேண்டும்.

லாரிக்குக் கடல் பழக்கம் அதிகம், லினுக்குக் குறைவு. ஆனால் இரவில் ஒருவர் தூங்கினால் மற்றவர்தான் எல்லாம். (கப்பலில் லீவு போட முடியாதே!) ஆக, லினும் சீக்கிரம் கற்றாக வேண்டியிருந்தது.

அந்தக் கரையில் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும். போவது சுகம், திரும்புவது படு கஷ்டம். இவர்கள் திரும்பவே இல்லை. கிழக்கே போய்க்கொண்டே இருந்து, 11 வருடத்தில் உலகைச் சுற்றினார்கள். 1983-ல் இறக்கிய அடுத்த படகு டலேசின் இன்னும் பெரியது. அதிலும் எஞ்சின் இல்லை.