பாதிக் காட்டுக்கு மட்டும்

வங்கியில் முப்பத்து நாலு வருடம் கணக்குப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்றதும் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம், இரண்டேகால் ஏக்கர் வாங்கிக் குடியேறினோம். வீட்டைச் சுற்றிக் கால் ஏக்கர் காய்கறித் தோட்டம். அதற்கு மேலே இரண்டு ஏக்கர் காப்பிக் காடு. சில்வர் ஓக், பலா நிழலில் காப்பி. மரங்களில் மிளகுக் கொடி.

என் மனைவி ஒரு பயிற்சிக்குப் போய் வந்து பயோடைனமிக் முறையைப் பிடித்துக்கொண்டாள். 1924இல் ருடால்ஃப் ஸ்டைனர் என்பவர் விவசாயிகளுக்கு ஆற்றிய உரைகளில் பிறந்த முறை அது. பசுவின் கொம்பில் பசுஞ்சாணியை அடைத்துப் புரட்டாசியில் புதைத்து, மாசி பங்குனியில் எடுப்பார்கள். சாணி வாடை போய்க் காட்டு மண் மாதிரி மணக்கும். இதுதான் கொம்பு சாண உரம். ஏக்கருக்கு 25 கிராம், 13 லிட்டர் தண்ணீர். ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுற்றி, நடுவில் ஆழமாகச் சுழி விழுந்ததும் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். சந்திரன் தெற்கு நோக்கி இறங்கும் நாட்களில், சாயங்காலம், மண்ணில் பெரிய துளிகளாகத் தெளிக்க வேண்டும். இலைகளுக்கு வேறு: கொம்பில் புதைத்தெடுத்த படிகக்கல் தூள், ஏக்கருக்கு ஒரே ஒரு கிராம், விடிகாலையில் பனி போல.

"ஏக்கருக்கு 25 கிராமா? காக்கா எச்சமே அதைவிட அதிகம் விழுமே!" என்றேன்.

"போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள்.

பார்த்துவிடுவோம் என்று நோட்டு எடுத்தேன். காட்டின் நடுவே போகும் ஒற்றையடிப் பாதைதான் எல்லை. மேல் ஏக்கருக்குச் சாண உரம் உண்டு. கீழ் ஏக்கருக்குக் கிடையாது. மற்றதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. பழம் எத்தனை கிலோ, ஓரடிச் சதுரம் தோண்டினால் எத்தனை மண்புழு என்று மூன்று வருடம் எழுதினேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வந்தது.

பொங்கலுக்கு மகனும் மருமகளும் வந்தபோது சாப்பாட்டு நேரத்தில் நோட்டை எடுத்து வாசித்தேன். "உங்கம்மா மூணு வருஷம் கலக்கினதுக்குப் பலன் பூஜ்யம்" என்று சிரித்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சொன்னாள்: "ஏங்க, கீழ்ப் பாதிக்கும் நான் தெளிச்சுட்டுத்தான் இருந்தேன்."

"எப்ப?"

"நீங்க திண்டுக்கல் போற நாள்ல. அந்தப் பாதி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ஒரே காடுதானே."

கோபம் வந்தது. மூன்று வருடக் கணக்கு பாழ். அப்புறம்தான் உறைத்தது. இரண்டு ஏக்கருக்கும் தனித்தனியாக ஒரு மணி நேரம் கலக்கியிருக்கிறாள். தோள் வலிக்கிறது என்றபோதெல்லாம் தைலம் வாங்கி வந்தது நான்தான். வயசாகிவிட்டது என்று நினைத்தேனே தவிர, எதனால் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மண்புழுவை எண்ணினேன். குச்சியை மட்டும் ஒரு நாளும் கையில் எடுக்கவில்லை.

உரத்துக்குப் பலன் உண்டா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் 1978 முதல் பயோடைனமிக், இயற்கை, ரசாயன முறைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டு வருகிறார்கள். முதல் இரண்டு முறைகளிலும் மகசூல் குறைவு, மண்ணில் உயிர் அதிகம் என்று கண்டார்கள். ஆனால் அது மட்கு எரு உட்பட முழு முறைக்கான சோதனை. 25 கிராமுக்கு மட்டும் பெருமை சேர்க்க முடியாது. என் நோட்டை வைத்து நானும் எதுவும் சொல்ல முடியாது.

இப்போது அவளுக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. போன தடவை இரண்டு ஏக்கருக்கும் நான்தான் கலக்கினேன். அவள் திண்ணையில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தாள். கை கடுத்தது, மெல்ல நிறுத்தப் பார்த்தேன்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்குங்க" என்றாள்.