பாரும் பற்றும்

யூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது என் நினைவில் முதலில் எழுந்தது வகுப்பறையன்று, அரிப்புக் கடற்கரையே.

1972ஆம் ஆண்டு விலங்கியல் மாணவர் சிலர் ஆசிரியருடன் மன்னார் சென்றோம். மன்னார்த் தீவு மணற்பாங்கானது. அதற்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை என்னும் ஊர்களுக்கு அப்பால், கடலடியில் பாறைத் திட்டுகள் உள. அவற்றைப் ‘பார்’ என்பர். முத்துச்சிப்பியின் உறைவிடம் அவையே.

சங்கு குளிப்பவர் ஒருவர் சிப்பிகள் பற்றியிருந்த கல்லொன்றைக் கொணர்ந்தார். நான் ஒன்றைப் பற்றி இழுத்தேன். “தம்பி, இழுக்கக்கூடாது, நூலை அறுத்து எடுங்கோ” என்றார் அவர். அதற்குள் மூன்றைப் பிடுங்கிவிட்டேன். அருகிருந்த நண்பன் பேனாக்கத்தியால் மூன்றை அறுத்தெடுத்தான்.

ஆசிரியர் விளக்கினார்: சிப்பி தன் பாதத்தால் கல்லைத் தடவி இடம் தேரும். பாதத்துச் சுரப்பியினின்று ஊறும் நீர்மம் அங்குள்ள பள்ளத்தில் ஓடி நூலாய் இறுகும். நுனி சிறு தட்டாய்ப் பரந்து ஒட்டும். பாறை மட்டிகளும் இவ்வாறே பற்றுகின்றன. கல், பவளம், இறந்த சிப்பியின் ஓடு எதுவாயினும் ஏற்கும். பெயரும் மணலில் நிலைக்காது. 1902இல் ஆராய வந்த பேராசிரியர் ஹேர்ட்மன், பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் திரளாகத் தோன்றியும் முதிராது மறைவதைக் கருதி, அவற்றைக் கரைப்பக்கத்துப் பார்களுக்குப் பெயர்த்து வளர்க்குமாறு கூறினார். தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்புக்குப் பெரிய பார் இலக்காயிருந்தது. குறை நூலில் இல்லை, இடத்தில் இருந்தது.

தங்கிய மடத்தில் ஆறு சிப்பிகளையும் கண்ணாடிச் சாடியில் இட்டோம். விடிந்ததும் நண்பனுடையவை மூன்றும் புதுநூல் நூற்றுக் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. என்னுடையவை அடியிற் கிடந்தன. மறுநாள் வாய் பிளந்தன. பிடுங்கியபோது நூலுடன் உள்ளுறுப்பும் கிழிந்தது என்றார் ஆசிரியர்.

1990இல் அந்நண்பன் குடும்பத்துடன் கனடா புகுந்தான். “பிறந்த மண்ணை உதறினாய்” எனக் கடிதம் வரைந்தேன். மறுமொழி ஒருவரியே: “மணல் பெயர்ந்தது, நூலை அறுத்தேன், கண்ணாடியிலும் ஒட்டலாமென நாம் பார்த்தோமல்லவா?”

நான் பதில் எழுதவில்லை. சென்ற ஆண்டு அவன் அங்கேயே காலமானான். அவன் வீட்டுச் சுவரில் நம் கல்லூரி வகுப்புப் படம் இறுதிவரை தொங்கியதென மகன் எழுதியிருந்தார். எழுதத் தவறிய பதிலை இம்மலரில் வைக்கிறேன்: நண்பா, நீ மண்ணை உதறவில்லை. அன்று போலவே, பிடுங்கியவன் நான். அறுத்துக் காத்தவன் நீ.